இரத்த அழுத்தம் அளக்கக் கற்பித்தல்

செவிலியர் கல்லூரியில் நான் நடத்தும் செயல்முறை வகுப்புகளில், முதலாம் ஆண்டு மாணவிகளுக்கு இரத்த அழுத்தம் அளக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பையே மிகவும் விரும்புகிறேன். தேவைப்படும் கருவிகள் குறைவு. ஆனால் ஒரு மாணவி கற்கும் நிலையில் இருக்கிறாளா, கற்றது அவள் கையில் தங்குகிறதா என்ற இரண்டையும் இவ்வளவு தெளிவாகக் காட்டும் செயல்முறையை நான் வேறு கண்டதில்லை.

கற்றல் பற்றி அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் வகுத்த ஆயத்த விதி, பயிற்சி விதி, விளைவு விதி ஆகியவற்றை நாங்கள் அனைவரும் தேர்வுக்காகப் படித்தவர்கள். கற்கத் தயாராக இருப்பவருக்குக் கற்றல் நிறைவு தரும். தயாராக இல்லாதவரை வற்புறுத்தினால் எரிச்சலே மிஞ்சும் என்பது முதல் விதியின் சாரம். அந்த ஆயத்தத்தை ஆர்வம் என்று மட்டும் புரிந்துகொள்வதால்தான் சிக்கல் வருகிறது. இரவுப் பணி முடித்துச் சாப்பிடாமல் வகுப்பில் அமரும் மூன்றாம் ஆண்டு மாணவி, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கில உடலியங்கியல் நூலோடு போராடும் மாணவி, முன்பின் அறியாத ஆணின் கையைப் பிடித்து நாடி பார்க்கத் தயங்கும் மாணவி ஆகிய மூவரையும் ‘இன்ட்ரஸ்ட் இல்லை’ என்று ஒரே சொல்லில் ஒதுக்குவதைப் பணியறைகளில் கேட்டிருக்கிறேன்; அது நியாயமன்று. முதலாமவளுக்குத் தேவை உறக்கம். இரண்டாமவளுக்கு சிஸ்டாலிக், டயஸ்டாலிக் என்பவை இதயம் சுருங்கும்போதும் விரியும்போதும் உள்ள அழுத்தங்கள் என்று தமிழில் நிதானமாகச் சொன்னால், பாடத்தின் பாதி விளங்கிவிடும். மூன்றாமவள் வார்டுக்குப் போகுமுன் தோழியரின் கைகளில் போதுமான அளவு பழகியிருக்க வேண்டும். மாணவி தன் ஆயத்தத்தைத் தானே கொண்டுவரட்டும் என்று காத்திருக்காமல், அதை உண்டாக்குவதையும் ஆசிரியரின் வேலையாகவே கருதுகிறேன்.

பயிற்சி விஷயத்தில் எங்கள் வழக்கம் இன்னும் மாற வேண்டும். ஆசிரியர் செய்து காட்டுவார், மாணவி திரும்பச் செய்து காட்டுவாள், செயல்முறை ஏட்டில் கையெழுத்து விழும். அத்தோடு கற்றல் முடிந்ததாகக் கொள்கிறோம். வெறுமனே திரும்பச் செய்வது போதாது என்பதைத் தார்ன்டைக்கே பிற்காலத்தில் ஏற்று, தம் பயிற்சி விதியைத் திருத்தினார். கண்ணைக் கட்டிக்கொண்டு குறிப்பிட்ட நீளத்தில் கோடு வரையப் பலமுறை முயன்றவர்கள், வரைந்தது சரியா தவறா என்று அறியாதவரை முன்னேறவில்லை என்பதை அவருடைய சோதனைகள் காட்டின.

வார்டில் இதைக் கண்ணாரப் பார்க்கலாம். நோயாளியின் அட்டையில் 130/80 என்று முன்பே எழுதியிருந்தால், அடுத்து அளக்கும் மாணவியின் காதிலும் பெரும்பாலும் அதே எண்தான் விழுகிறது. எனவே அட்டையை என்னிடம் வாங்கிக்கொண்டுதான் அளக்கச் சொல்வேன். இருவர் ஒரே நேரத்தில் கேட்கும்படி இரண்டு ஜோடி காதுமுனைகள் கொண்ட ஸ்டெதாஸ்கோப்பைப் பயன்படுத்தினால், அவள் எந்த ஒலியைத் தவறவிட்டாள் என்பதை அந்தக் கணத்திலேயே சொல்லிவிட முடிகிறது. மணிக்கட்டு நாடியைத் தொட்டபடி மேற்கையில் கட்டிய பட்டையில் காற்றேற்றி, நாடி மறையும் அளவைக் குறித்துக்கொண்டு, அதற்கு மேல் 30 மி.மீ. (பாதரச அளவு) ஏற்றி, நொடிக்கு 2 முதல் 3 மி.மீ. வீதம் இறக்க வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்பிப்பார்கள். உயர் இரத்த அழுத்தம் உள்ள சிலருக்கு ஒலி இடையில் மறைந்து மீண்டும் கேட்கும். நாடியைத் தொடாமல் குறைவாகக் காற்றேற்றியவர், மீண்டும் கேட்கும் ஒலியையே முதல் ஒலி என்று கொண்டு, உண்மையான சிஸ்டாலிக் அளவை விடக் குறைந்த எண்ணைப் பதிவு செய்துவிடுவார். மருந்தின் அளவை முடிவு செய்யும் மருத்துவர் அந்த எண்ணை நம்பியே முடிவெடுக்கிறார். அந்த இடைவெளியை ஒரு முதியவரின் கையில் தானே கேட்டுவிட்ட மாணவிக்கு, நாடியைத் தொட வேண்டும் என்று மறுபடி சொல்ல வேண்டியிருப்பதில்லை.

பணியில் மூத்த செவிலியர்களுக்கும் இது பொருந்தும். இதயம் நின்றவருக்கு நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 செ.மீ.க்குக் குறையாமலும் 6 செ.மீ.யைத் தாண்டாமலும் மார்பை அழுத்த வேண்டும் என்பது மனதில் நிற்கும். ஆனால் அந்த ஆழமும் வேகமும் பயிற்சி முடிந்த சில மாதங்களிலேயே கைகளில் குறையத் தொடங்குகின்றன. இரண்டாண்டுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிப்பது இதற்கு ஈடாகாது. அதனால் பயிற்சிப் பொம்மையை ஆய்வகத்தில் பூட்டி வைக்காமல் வார்டுகளுக்குச் சுற்றில் அனுப்ப வேண்டும் என்றும், பணி மாறும் வேளையில் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் அழுத்திப் பார்க்க, அருகில் ஒருவர் நின்று ஆழத்தையும் வேகத்தையும் உடனுக்குடன் சொல்ல வேண்டும் என்றும் கேட்டு வருகிறேன்.