புகையிரதம் ஓடாத பாதையில் துவிச்சக்கரவண்டி

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வழியாகக் குச்சவெளி வரை கடற்காற்றை எதிர்த்து மிதித்துப் பழகிய எனக்கு, தெற்கு ஸ்பெயினின் அந்தலூசிய மலைகள் முதலில் அச்சத்தையே தந்தன. அதைப் போக்கியவை 'வியாஸ் வேர்தெஸ்', அதாவது பசுமை வழிகள். கைவிடப்பட்ட புகையிரதப் பாதைகளை நடப்போருக்கும் துவிச்சக்கரவண்டி ஓட்டுவோருக்கும் உரியனவாக மாற்றும் இத்திட்டம் 1993 இல் தொடங்கியது. புகையிரதம் செங்குத்தாக ஏற முடியாது என்பதால், மலைநாட்டிலும் இப்பாதைகளின் ஏற்றம் மிதமாகவே இருக்கும்.

நான் மிகவும் நேசித்தது, புவேர்த்தோ செர்ரானோவிலிருந்து ஒல்வேரா வரையான 36 கிலோமீற்றர். 1920களில் கட்டத் தொடங்கிய அப்பாதையில், மலையைக் குடைந்து 30 சுரங்கங்களும் பள்ளத்தாக்குகளின் மேல் பாலங்களும் அமைத்த பின்னரும், ஒரு புகையிரதம்கூட ஓடவில்லை. அத்தனை தொழிலாளரின் உழைப்பும் வீணாகவில்லை என்பதை, வெயிலிலிருந்து சுரங்கத்தின் குளிருக்குள் நுழைந்த ஒவ்வொரு முறையும் நன்றியோடு உணர்ந்தேன். சாஃப்ராமகோன் பாறைக்கு மேலே பாறுக் கழுகுகள் சிறகசைக்காமல் வட்டமிட்டதைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றுவிட்டேன்.

ஒலிவ் தோப்புகளை விரும்புவோருக்கு ஹாயேன் மாகாணத்தில் தொடங்கும் எண்ணெய் வழி உண்டு. அதன் நீளம் 128 கிலோமீற்றர்.

செல்வதாயின் வசந்தகாலத்தில் செல்லுங்கள். சிற்றூர்க் கடைகள் பிற்பகலில் பல மணி நேரம் மூடியிருக்கும். ஆகையால் தண்ணீரையும் உணவையும் காலையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். சுரங்கங்களுக்காக முன்விளக்கு கட்டாயம் வேண்டும்.