டைகர் மாத்தைத் தேடி ஒரு பயணம்: ஸ்டாக் லேன் முதல் ஓல்டு வார்டன் வரை

லண்டனின் வடமேற்கு மூலையில், பர்ன்ட் ஓக் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில்தான் ஸ்டாக் லேன். விமானத் தளத்தைத் தேடிப் போனால் வீடுகள்தான் இருக்கும். 1934இல், விமானம் கட்டும் டி ஹாவிலண்ட் நிறுவனம் ஹாட்ஃபீல்டுக்கு இடம்பெயர, ஓடுதளம் குடியிருப்பாகிவிட்டது. அரை மணி நேரத்துக்கு மேல் இங்கே செலவிட வேண்டாம். ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டை இறக்கை கொண்ட பயிற்சி விமானமான டைகர் மாத் முதன்முதலில் பறந்தது (1931 அக்டோபர் 26) இங்கிருந்துதான்.

அதற்கு முந்தைய டிஎச்.60 மாத், 1925 முதல் விமானம் ஓட்டும் கிளப்புகளின் செல்லப் பிள்ளை. பிரிட்டிஷ் விமானப்படைக்கு அதில் ஒரே ஒரு குறை. முன் இருக்கை பயிற்றுநருடையது; அவர் தலைக்கு மேலே பெட்ரோல் டேங்க், சுற்றிலும் மேல் இறக்கையைத் தாங்கும் கம்பங்கள். முதுகில் பாராசூட்டோடு அவசரத்தில் வெளியே குதிப்பது பெரும்பாடு. கம்பங்களையும் டேங்கையும் முன்னால் நகர்த்தினார்கள். இறக்கை முன்னால் போனால் தூக்குவிசையும் எடைமையத்தைத் தாண்டி முன்னால் போய்விடும், மூக்கு தூக்கும். அதை ஈடுகட்ட இறக்கைகளின் நுனிகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். சாய்த்ததும் இன்னொரு வம்பு: வால் தரையில் இருக்கும்போது கீழ் இறக்கையின் நுனி புல்லை உரசும் அளவுக்குத் தாழ்ந்தது. எனவே அதன் மேல்நோக்கிய சரிவைக் கூட்டினார்கள். இதில் பெரும்பகுதி வரைபடப் பலகையில் நடக்கவில்லை. கொட்டகையில் விமானத்தை வைத்துக்கொண்டே மாற்றி மாற்றிப் பார்த்த வேலை.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க, லண்டன் கோல்னி அருகே சாலிஸ்பரி ஹாலில் உள்ள டி ஹாவிலண்ட் அருங்காட்சியகம் போக வேண்டும். எம்25 நெடுஞ்சாலையின் 22ஆம் சந்திப்பில் இறங்கினால் பக்கம்தான். திறக்கும் நாட்களை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். எல்லோரும் இரண்டாம் உலகப் போர்க்கால மொஸ்கிட்டோ விமானத்தின் முதல் மாதிரியைப் பார்க்க ஓடுவார்கள். நீங்கள் டைகர் மாத்தின் பக்கவாட்டில் நின்று, மேலே இருக்கும் டேங்கும் முன் இருக்கையும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பாருங்கள். டேங்கின் கொள்ளளவு 19 கேலன், ஏறத்தாழ 86 லிட்டர். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் அசையும் பலகையான எய்லரான் கீழ் இறக்கையில் மட்டும்தான். மேல் இறக்கையின் முன்விளிம்பில் இருப்பது, வேகம் குறையும்போது தானாகத் திறந்து தூக்குவிசையைக் காக்கும் ஸ்லாட் என்ற இடைவெளி. குட்டிக்கரணம் போடும் முன் அதைப் பூட்டிவிட வேண்டும்.

வால் இறக்கைக்கு முன்னால், உடலின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டைகளைத் தவறவிடாதீர்கள். போர்க்காலத்தில் சில விமானங்கள் சுழல் வீழ்ச்சியிலிருந்து மீள மறுத்தன. அதற்கு மருந்தாக வந்தவை இவை. கூடவே எய்லரானின் சமநிலை எடைகளையும் கழற்றினார்கள்.

அங்கேயே நிற்கும் குயீன் பீ, பார்க்க டைகர் மாத் போலிருக்கும். உண்மையில் மர உடல் கொண்ட, ரேடியோவால் இயங்கும் ஆளில்லா விமானம். பீரங்கிப்படை சுட்டுப் பழகுவதற்கான இலக்கு!

பறப்பதைப் பார்க்க பெட்ஃபோர்ட்ஷயரின் ஓல்டு வார்டனுக்கு, ஷட்டில்வொர்த் தொகுப்புக்குப் போகலாம். புல் ஓடுதளம், காட்சி நாட்களில் சீக்கிரம் போய், எஞ்சினைக் கிளப்புவதைப் பாருங்கள். சக்கரத்துக்குக் கட்டை, சுவிட்ச் ஆஃப், பெட்ரோல் திறப்பு. கார்புரேட்டரின் டிக்லர் என்ற சிறு பொத்தானை அழுத்திப் பெட்ரோல் சொட்டும்வரை நிரப்புவார்கள். புரொப்பெல்லரைக் கையால் நாலு தடவை சுற்றி எஞ்சினுக்குள் இழுக்கவிட்டு, த்ராட்டிலைச் சிறிதே திறந்து, சுவிட்ச் ஆன், ஒரே வீச்சு. சுவிட்சுகள் காக்பிட்டுக்கு வெளியே இருப்பது வீசுபவர் கண்ணால் சரிபார்க்கத்தான். பெட்ரோல் அதிகமாகிவிட்டால் கிளம்பாது: சுவிட்சை அணைத்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, புரொப்பெல்லரைப் பின்னோக்கிச் சுற்றி வெளியேற்ற வேண்டும். பொறுமையில்லாமல் வீசிக்கொண்டே இருந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

பிரேக் கிடையாது, வாலில் சக்கரத்துக்குப் பதில் சறுக்குக் கட்டை. அது புல்லைக் கீறித்தான் வேகத்தைக் குறைக்கும், தாரில் வழுக்கும். காற்றடித்தால் இறக்கை நுனியை ஒருவர் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார். கிளம்பும்போது மூக்கு வலப்பக்கம் இழுக்கும், இடது ரடர் (வாலில் உள்ள திசைத்திருப்பி) கொடுத்தே ஆக வேண்டும். 130 குதிரைசக்தி ஜிப்ஸி மேஜர் எஞ்சினுக்கு உச்ச வேகம் மணிக்கு 109 மைல்தான். திருப்பத்தில் ரடரும் எய்லரானும் ஒத்துப்போகாவிட்டால் மாணவரின் கன்னத்தில் காற்று பக்கவாட்டில் அறையும். பயிற்றுநர் இரு இருக்கைகளுக்கும் இடையே பேசும் ரப்பர்க் குழாய் வழியே திட்டுவதற்குள் அவருக்கே தவறு தெரிந்துவிடும்.