டிரஃபால்கர் சதுக்கத்து மரம்: ஒரு லண்டன் நாட்குறிப்பு

2024 டிசம்பர் 5, வியாழன்

நார்வே ஆண்டுதோறும் லண்டனுக்கு அனுப்பும் கிறிஸ்துமஸ் மரத்துக்கு டிசம்பரின் முதல் வியாழக்கிழமை மாலையில்தான் விளக்கேற்றுவார்கள் என்பதால், வேலை முடிந்ததும் நேராக டிரஃபால்கர் சதுக்கத்துக்குப் போனேன். சாரிங் கிராஸ் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே கூட்டம் தொடங்கிவிட்டது. பெற்றோரின் தோளில் ஏறியிருந்த குழந்தைகளின் கம்பளித் தொப்பிகளுக்கு நடுவே, மேடையில் யார் பேசுகிறார்கள் என்பது சரியாகத் தெரியவில்லை. பாடகர் குழுவின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

விளக்குகள் எரிந்தபோது எனக்கு அருகில் நின்ற ஒருவர், "இவ்வளவுதானா?" என்று கேட்டேவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. வண்ணக் குண்டுகளோ பளபளக்கும் சரிகையோ இல்லாமல், உச்சியிலிருந்து அடிவரை நேர்க்கோடுகளாகத் தொங்கும் வெள்ளை விளக்குச் சரங்கள்தான் மொத்த அலங்காரமும். நார்வேயில் மரத்தை அப்படித்தான் அலங்கரிப்பார்கள்; கிளைகளைச் சுற்றி வளைத்துக் கட்டுவது அவர்கள் வழக்கமல்ல. எனக்கு இந்த எளிமை பிடித்திருக்கிறது.

2024 டிசம்பர் 8, ஞாயிறு

நேற்றைய புயலின் காற்று இன்னும் ஓயவில்லை என்றாலும், பகல் வெளிச்சத்தில் மரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். அடிவாரத்தில் இருக்கும் பலகையைப் படிக்க, தடுப்பு வேலியின் மேல் சற்றுக் குனிய வேண்டியிருந்தது. 1940 முதல் 1945 வரை செய்த உதவிக்காக லண்டன் மக்களுக்கு நார்வேயின் தலைநகரான ஆஸ்லோ அளிக்கும் நன்றியின் அடையாளம் இம்மரம் என்றும், 1947 முதல் ஆண்டுதோறும் ஒரு மரம் அளிக்கப்படுகிறது என்றும் அது சொல்கிறது.

பலகையில் இல்லாத கதை இன்னும் பெரிது. 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை நார்வேக்குள் புகுந்தபின், மன்னர் ஏழாம் ஹாக்கோனும் அவருடைய அரசாங்கமும் ஜூன் மாதத்தில் லண்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். போர் முடியும்வரை இங்கிருந்தே நாட்டுக்காக இயங்கினார்கள். மன்னரின் உரைகள் பிபிசி வானொலி வழியாகக் கடல் கடந்து நார்வே மக்களை எட்டின. 1945 ஜூன் 7 அன்றுதான் அவர் ஆஸ்லோ திரும்பினார். மரம் அந்த ஐந்து ஆண்டுகளுக்கான நன்றி.

ஆஸ்லோவைச் சுற்றியுள்ள காடுகளில் ஐம்பது அறுபது ஆண்டுகள் வளர்ந்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நவம்பரில் இரு நகரத்தாரும் கூடி நிற்க வெட்டி, கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள். இருபது மீட்டர் உயர மரத்தைக் கிளைகளைச் சேர்த்துக் கட்டாமல் கொண்டுவர முடியாது. கட்டவிழ்த்த பிறகு அவை பழைய நிலைக்குத் தாழ்ந்து விரிய நாளாகும். வந்து இறங்கியதுமே படமெடுத்து "ஒல்லி மரம்" என்று கேலி செய்வோர் இதை நினைப்பதில்லை. 2021-இல் கேலி முற்றி, மாற்று மரம் அனுப்புவதா என்று ஆஸ்லோ நகரமன்றத்திலேயே பேசப்பட்டது, நல்லவேளையாக அனுப்பவில்லை. நன்றிக் கடிதத்தின் கையெழுத்து அழகாக இல்லை என்று திருப்பி அனுப்பும் ஊரும் உண்டோ?

2024 டிசம்பர் 14, சனி

மாலையில் ரீஜண்ட் தெரு. சாலைக்கு மேலே சிறகு விரித்த ஒளித் தேவதைகள் வரிசையாக மிதக்கின்றன; 1954-இல் தொடங்கிய தெரு அலங்காரத்தின் இன்றைய வடிவம் இது. அழகுதான், ஆனால் அண்ணாந்து பார்த்தபடி நடக்கும் கூட்டம் கடைசியில் ஏதோவொரு கடைவாசலில்தான் போய் நிற்கிறது.

அங்கிருந்து நடந்தே சதுக்கத்துக்கு வந்தேன். மரத்தடியில் ஒரு குழு கேரல் என்னும் கிறிஸ்துமஸ் பாடல்களைப் பாடிக்கொண்டிருந்தது. டிசம்பரில் வெவ்வேறு குழுக்கள் முறைவைத்துப் பாடி அறப்பணிகளுக்குப் பணம் திரட்டுகின்றன. உண்டியல் வாளியின் மூடியில் அட்டை தட்டிச் செலுத்தும் சிறு கருவியும் ஒட்டப்பட்டிருந்தது. குரல் சற்றுப் பிசகினாலும் யாரும் பொருட்படுத்தவில்லை. தெரிந்த பாட்டு வந்ததும் கூட்டமே சேர்ந்து பாடியது. பக்கத்திலேயே செயின்ட் மார்ட்டின் ஆலயத்தார் வைக்கும் கிறிஸ்துமஸ் குடில் இருக்கிறது. மரக்கட்டையில் செதுக்கிய சிறிய உருவங்கள் என்பதால் பலரும் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள். சிற்றுண்டிக் கடைகளின் நெரிசலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

2024 டிசம்பர் 25, புதன்

இன்று லண்டனில் பாதாள ரயிலும் கிடையாது, பேருந்தும் கிடையாது. நடக்க முடிந்தவர்களுக்கே சதுக்கம். வெளியூர்ப் பயணிகள் சிங்கச் சிலைகளில் ஏறிப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

2025 ஜனவரி 4, சனி

கிறிஸ்துமஸ் காலம் முடியும் பன்னிரண்டாம் இரவுக்கு முன்பு, அதாவது ஜனவரி 6-க்குள், மரத்தை இறக்கிவிடுவார்கள். பிறகு அதைச் சிறு துண்டுகளாக அரைத்து, உரமாகவும் செடிகளின் அடியில் பரப்பும் மூடாக்காகவும் பயன்படுத்துகிறார்கள். எங்கள் தெருவிலும் வாசல்தோறும் வாடிய மரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. எடுத்துச்செல்லும் வண்டி அடுத்த வாரம்தான் வருமாம்.