அப்பத்தாவோட 80வது பிறந்தநாளுக்கு ரெண்டு அடுக்கு கேக், செஞ்சு பார்த்த அனுபவம்

இதுவரைக்கும் நான் செஞ்சதுல பெரிய கேக்னா 8 இன்ச், ஒரு கிலோ, அவ்ளோதான். போன வாரம் அப்பத்தாவுக்கு 80வது பிறந்தநாள், மேலூர் வீட்டு மொட்டமாடியில 60 பேருக்கு சாப்பாடு, கேக் நான்தான் செய்வேன்னு ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லி வச்சுட்டேன். கீழ 10 இன்ச், மேல 6 இன்ச், மொத்தம் நாலரை கிலோ வந்துச்சு. நாள் வெள்ளிக்கிழமை, அப்பத்தா அன்னைக்கு முட்டை தொடமாட்டாங்க, அதனால தயிர் போட்ட கேக். மேல கத்திரி வெயில் வேற.

என்கிட்ட இருக்குற 8 இன்ச் கணக்கு இதுதான்: ஒன்றரை கப் மைதா, ஒரு கப் கெட்டித்தயிர், முக்கால் கப் சர்க்கரை, அரை கப் எண்ணெய், ஒன்னேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சோடா, கொஞ்சம் வெனிலா. 10 இன்ச்னா ரெண்டு இன்ச்தானே கூடன்னு தோணும், ஆனா டின்னோட பரப்பு அகலத்தை அகலத்தாலயே பெருக்குற கணக்குல கூடும், 8x8 64, 10x10 100, அப்ப மாவு ஒன்றரை மடங்குக்கும் மேல வேணும். 6 இன்ச்சுக்கு 36, பாதியவிட கொஞ்சம் கூட. ஒவ்வொரு சைஸுலயும் ரெண்டு ரெண்டு சுட்டு நடுவுல மாம்பழம் வைக்கிறதா பிளான்.

புதன்கிழமை ரெண்டு 10 இன்ச்சுக்கும் சேர்த்து ஒரே குண்டான்ல கலக்கிட்டேன், அதுதான் தப்பா போச்சு. ஓடிஜில (கேக் சுடுற சின்ன கரண்ட் அடுப்பு) ஒரு டின்தான் போகும், ரெண்டாவது டின் ஒரு மணி நேரம் மேடையிலயே காத்துக் கிடந்துச்சு. மொதல்ல போனது பஞ்சு மாதிரி எழும்பி வந்துச்சு, ரெண்டாவது அடியில களி மாதிரி அப்படியே உக்காந்துருச்சு. தயிரோட புளிப்பும் சோடாவும் சேர்ந்த நிமிஷத்துலயே காத்து கிளம்ப ஆரம்பிச்சுடும், அந்த காத்து மாவுக்குள்ள இருக்கும்போதே சூடு பட்டாதான் கேக் எழும்பும். திரும்ப சுடும்போது மாவு தனியா, தயிர் கலவை தனியா எடுத்து வச்சுட்டு ஓடிஜி நல்லா சூடானப்புறம்தான் கலந்தேன், 160 டிகிரி, 55 நிமிஷம். பழைய வேட்டித் துணியை பட்டையா கிழிச்சு தண்ணியில நனைச்சு, அலுமினிய ஃபாயில்ல பொதிஞ்சு டின்னைச் சுத்திக் கட்டினேன், ஓரம் சீக்கிரம் காயாம மேல்பக்கம் கிட்டத்தட்ட மட்டமா வந்துச்சு. பெரிய டின்னுக்கு இதை விட்டுடாதீங்க.

இமாம் பசந்த் மாம்பழத்தை துண்டு துண்டா அப்படியே வச்சா தண்ணி விட்டு கேக் வழுக்கிட்டுப் போயிடும், அதனால கொஞ்சம் சர்க்கரை எலுமிச்சை போட்டு அடுப்புல கெட்டியா சுண்டவச்சுட்டேன், சுத்தி கனாஷ்ல, அதாவது சாக்லேட்டும் கிரீமும் சேர்த்த கலவையில, ஒரு வரப்பு கட்டி அதுக்கு நடுவுல ஊத்தினேன். வெளிய பட்டர்கிரீம் போடலை, மதுரை மே மாசத்துக்கு அது தாங்கவே தாங்காது. வெளியவும் கனாஷ்தான், டார்க் சாக்லேட் 900 கிராம், கிரீம் 300 கிராம், மூணுக்கு ஒண்ணு. சாதாரணமா ரெண்டுக்கு ஒண்ணு போடுவாங்க, வெயிலுக்கு சாக்லேட் கூட இருந்தாதான் இறுகி நிக்கும். மாம்பழமும் டார்க் சாக்லேட்டும் சேராதுன்னு அத்தை சொன்னாங்க, எனக்கு அந்த லேசான கசப்பு பழத்தோட இனிப்புக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு.

இனி கோலம். எனக்கு இந்த கேக்ல முக்கியமே இதுதான், ஏன்னா அப்பத்தா இன்னைக்கும் காலையில அஞ்சரைக்கு வாசல் தெளிச்சு கோலம் போடுறாங்க. கறுப்பு கனாஷ் மேல வெள்ளைக் கோடுன்னா சாணி மெழுகின வாசல் மாதிரியே இருக்கும்னு தோணுச்சு. கனாஷ் பூசினப்புறம் கீழ் அடுக்கோட சுத்தளவு 83 சென்டிமீட்டர், அதுல 80 புள்ளி வச்சா ஒவ்வொண்ணும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தள்ளி வருது! பட்டர் பேப்பரை சுத்தளவுக்கு வெட்டி நாலு தடவை பாதி பாதியா மடிச்சேன், 16 பாகம், பாகத்துக்கு 5 புள்ளின்னு அளந்து ஊசியால குத்திட்டு, அதை கேக்ல சுத்தி ஒவ்வொரு ஓட்டையிலயும் டூத்பிக்கால லேசா தொட்டு எடுத்தேன். வெள்ளை சாக்லேட்டை உருக்கினா அது நீர்க்க இருந்து வழியும், ரெண்டே சொட்டு தண்ணி விட்டு கிண்டினா கெட்டிப்படும், அப்பதான் கோடு நின்ன இடத்துல நிக்கும். பேப்பர் கோன்ல போட்டு 80 புள்ளி வச்சுட்டு, ஒரு புள்ளிக்கு மேல அடுத்ததுக்கு கீழன்னு நெளிகோடு, அப்புறம் அதுக்கு எதிரா இன்னொரு நெளிகோடு, ஒவ்வொரு புள்ளியும் ஒரு கண்ணுக்குள்ள உக்காந்துருச்சு. 80 ரெட்டைப்படை, அதனால ஆரம்பிச்ச கோடு சுத்தி வந்து ஆரம்பிச்ச இடத்துலயே சேர்ந்துச்சு. ரெண்டேகால் மணி நேரம் ஆச்சு, கை நடுங்கினா கோனை கீழ வச்சுட்டு மோர் குடிச்சுட்டு வந்து போடுவேன்.

ரெண்டு அடுக்கையும் தனித்தனி டப்பாவுல வச்சு, கார் ஏசிய முழுசா வச்சு, ஒத்தக்கடை தாண்டி ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் சித்தப்பா வண்டியை நடக்கவிட்ட மாதிரி ஓட்டினாரு. அங்க போய்தான் அடுக்கினேன். கீழ் கேக்ல தடிமனான ஜூஸ் ஸ்ட்ராவை கேக் உயரத்துக்கே வெட்டி அஞ்சு எண்ணம் வட்டமா இறக்கிட்டா மேல இருக்குற வெயிட்டை அதுதான் தாங்கும், மேல் கேக் அட்டையோட அது மேல உக்காரும். மாடியில வெளிய எடுத்து வச்சு முக்கால் மணி நேரம், லேசா வேர்த்துச்சு, ஆனா ஒரு கோடு கூட இறங்கலை.

அப்பத்தா கண்ணாடியை போட்டுட்டு வந்து கேக்கை சுத்தி நடந்து பார்த்தாங்க, புள்ளியை வாய்க்குள்ளயே எண்ணினாங்க, முப்பது வரைக்கும் கேட்டுச்சு. "கோலத்து மேல கத்தி வைக்காத தாயி, மேல இருக்குறத வெட்டு"ன்னுட்டாங்க. ஆறு இன்ச்சை குட்டிக் குட்டியா வெட்டி எல்லாருக்கும் குடுத்தோம். கீழ் அடுக்கு ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ்ல இருந்துச்சு, காலையில வாசல்ல கோலம் போட்டுட்டு வந்து அவங்களே வெட்டி, ஸ்ட்ரா எல்லாம் எடுத்துட்டு, தெருவுல 14 வீட்டுக்கு குடுத்து விட்டாங்க.