சத்தம் எங்கே உடைகிறது

போன மாதம் எங்கள் பங்குப் பாடகர் குழுவுக்காக ஒரு பாட்டின் கிற்றாரை மட்டும் வாசித்துப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே பாடிப் பழகுவதாக ஏற்பாடு. கொஞ்ச நேரத்தில் குழுவை நடத்தும் அக்காவிடமிருந்து குரல்செய்தி வந்தது. “தம்பி, வாசிப்பு நல்லாயிருக்கு. ஆனா பல்லவியில ஏன் இப்பிடிக் கரகரக்குது? என்ர போன்தான் பழுதாப் போச்சோ எண்டு பாத்தன்.”

ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். அவர் சொன்னது சரி. விரலால் மெதுவாக மீட்டிய சரணம் தெளிவாக இருந்தது. ஆறு கம்பிகளையும் சேர்த்து அடிக்கும் பல்லவியில் சத்தம் கிழிந்தது. அந்தப் பல்லவிக்காகத்தான் பிள்ளைகளுக்குக் கிற்றாரே தேவை. எனக்குப் பெரிய மனவருத்தமாகப் போய்விட்டது.

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுப் பின்னறைதான் நான் பதிவு செய்யும் இடம். பழைய லப்டொப், அதன் பக்கத்தில் இளஞ்சிவப்பு வளையம் போட்ட மைக் துளை, பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவது) வைத்த அக்கூஸ்டிக் கிற்றார். கிற்றார் வயரின் தடித்த முனைக்கு ஒரு சின்ன பிளக் மாட்டி மைக் துளையில் நேரே சொருகிவிடுவேன். பதிவுக்கு ஓடாசிட்டி என்ற மென்பொருள். இரவு பத்து மணிக்கு முன்னால் ஓட்டோக்களின் சத்தம் ஓயாது, கடற்காற்றில் கூரைத் தகரமும் அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் எல்லாம் அடங்கிய பிறகுதான் கிற்றாரை எடுப்பேன்.

முதலில், பதிவான பாட்டின் சத்தத்தை ஓடாசிட்டியில் குறைத்துப் பார்த்தேன். கரகரப்பு சின்னதாகியதே தவிரப் போகவில்லை. அப்புறம் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு திரை முழுக்க விரியும் அளவுக்கு அலையைப் பெரிதாக்கினேன். சரணத்தில் அலை மேடும் பள்ளமுமாக வளைந்து வளைந்து போனது. பல்லவியில் ஒவ்வொரு மேட்டுக்கும் உச்சி இல்லை. இளநீரை ஒரே வெட்டில் சீவியது மாதிரி தட்டையாக இருந்தது. அந்தச் சீவிய துண்டு கோப்பில் எங்கேயும் கிடையாது. இல்லாத ஒன்றைப் பிறகு எந்தப் பொத்தானைத் திருகியும் கொண்டுவர முடியாது.

சத்தத்தின் அளவை டெசிபெல்லில் சொல்வார்கள். டிஜிட்டலில் 0 டெசிபெல்தான் கூரை, மற்ற அளவுகள் அதற்குக் கீழே -12, -20 என்று போகும். அதற்கு மேலே எழுதிவைக்க எண்ணே இல்லை. மைக் துளையோ, மைக்கிலிருந்து வரும் சில மில்லிவோல்ட்டுக்காகச் செய்தது. என் கிற்றாருக்குள் ஏற்கனவே ஒரு ப்ரீஆம்ப், அதாவது பிக்கப்பின் மெல்லிய சத்தத்தைப் பெரிதாக்கும் சின்னச் சுற்று, இருக்கிறது. ஓங்கி அடித்தால் அது நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட்டை அனுப்பும். போதாததற்கு விண்டோஸில் மைக் சத்தத்தைக் கூட்டும் மைக்ரோபோன் பூஸ்ட் +20 டெசிபெல்லில் கிடந்தது. 20 டெசிபெல் என்றால் மின்னழுத்தம் 10 மடங்கு. கன்ட்ரோல் பனலில் சவுண்ட், ரெக்கோர்டிங், மைக், லெவல்ஸ் என்று போய் அதை 0 ஆக்கினேன். இரைச்சலைக் குறைப்பதாகச் சொல்லும் என்ஹான்ஸ்மென்ட்ஸையும் நிறுத்தினேன். அது மனிதப் பேச்சுக்கானது; கிற்றாரின் நீண்ட நாதத்தை இரைச்சல் என்று நினைத்துத் தின்றுவிடும். பிறகு பாட்டில் மிக ஓங்கி அடிக்கும் இடத்தை வாசித்து, ஓடாசிட்டியில் சத்த அளவைக் காட்டும் மீற்றர் -12 டெசிபெல்லைத் தாண்டாதபடி அளவை வைத்தேன். முன்பெல்லாம் இவ்வளவு கீழே வைக்கப் பயப்படுவேன். ஆனால் 16 பிட் பதிவிலேயே மிக மெல்லிய சத்தத்துக்கும் மிக உரத்த சத்தத்துக்கும் இடையில் கிட்டத்தட்ட 96 டெசிபெல் இடம் இருக்கிறது. மேலே 12-ஐ வெறுமையாக விடுவதில் நட்டம் எதுவும் இல்லை.

முக்கால்வாசிக் கரகரப்பு போனது. மிச்சம் போகவில்லை.

இரண்டு இரவு இதோடு மல்லுக்கட்டினேன். மீற்றர் சரி, அலை கூரையில் முட்டி வெட்டுப்படும் கிளிப்பிங்கை ஓடாசிட்டியில் காட்டும் சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லை, ஆனாலும் பல்லவியில் ஒரு சொரசொரப்பு. பக்கத்துத் தெருவில் ஒரு மாமா இருக்கிறார். கோவில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டியே தலை நரைத்தவர். அவரிடம் லப்டொப்பையும் கிற்றாரையும் தூக்கிக்கொண்டு போனேன். அலையைப் பெரிதாக்கிக் காட்டியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “இதுவும் தட்டைதானே தம்பி. ஆனா பாரும், கூரையில முட்டாமலே தட்டையாயிருக்கு.”

நான் அதைக் கவனிக்கவே இல்லை. அலை 0-க்கு வெகு கீழே, -12 பக்கத்திலேயே சீவப்பட்டிருந்தது. கணினி வெட்டியிருந்தால் 0-இல் அல்லவா வெட்டியிருக்கும்? அப்படியானால் வெட்டு விழுந்தது கணினிக்கு வருவதற்கு முன்னால். சிவப்புக் கோடு வராததும் அதனால்தான். “சத்தம் எங்க உடையுதோ அங்க போய்ப் பாக்கோணும். கடைசிப் பெட்டியத் திருகி என்ன பிரயோசனம்?” என்றவர், கிற்றாரைத் தன் ஆம்பில் சொருகி அடிக்கச் சொன்னார். அங்கேயும் அதே சொரசொரப்பு. “பற்றரி எப்ப மாத்தினது?”

எனக்கு ஞாபகமே இல்லை. கிற்றாரின் பக்கத்து மூடியைத் திறந்தார். 9 வோல்ட் பற்றரியின் முனையில் பச்சையாகப் பூத்திருந்தது. எங்கள் உப்புக் காற்று எதையும் விடாது. வோல்ட் மீற்றர் வைத்துப் பார்த்தால் 6.3 வோல்ட். பற்றரி இறங்கினால் ப்ரீஆம்ப் அலையை உயர்த்தக்கூடிய எல்லையும் இறங்கிவிடும். மெதுவாக வாசித்தால் அந்த எல்லைக்குள் அடங்கும், ஓங்கி அடித்தால் அங்கேயே மழுங்கும். இன்னொன்றும் சொன்னார்: இந்த மாதிரிக் கிற்றாருக்குத் தனிச் சுவிட்ச் இல்லை, வயர் சொருகும் துளைதான் சுவிட்ச். நான் மாதக்கணக்காக வயரைக் கழற்றாமலே சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். இரவும் பகலும் பற்றரி எரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

என்.சி. வீதியில் புதுப் பற்றரி வாங்கி, முனைகளை மண்தாளால் தேய்த்துப் போட்டேன். அன்றிரவு அதே பல்லவி, அதே அடி. பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மேட்டுக்கும் உச்சி இருந்தது.

இடையிடையே ‘டிக் டிக்’ என்று மட்டும் வந்தால் அது வேறு வியாதி. பதிவு மென்பொருளில் பஃபர், அதாவது கணினி ஒலியை ஒரு தடவையில் சேர்த்துவைக்கும் அளவு, 128 சாம்பிளில் இருந்தால் 512-க்கு ஏற்றிப் பாருங்கள். ‘ம்ம்’ என்று ஒரே சுருதியில் இரைந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். எனக்கு அந்த இரைச்சல் அப்படித்தான் நின்றது. கிற்றாரில் பற்றரியே இல்லாத பிக்கப் என்றால் மைக் துளை சரிவராது. 1 மெகாஓம் அளவில் இன்ஸ்ட்ரூமென்ட் உள்ளீடு உள்ள ஓடியோ இன்டர்ஃபேஸ் (கிற்றாரைக் கணினியோடு இணைக்கும் தனிப் பெட்டி) வேண்டும், இல்லாவிட்டால் கிற்றாரின் மேல் சுரங்கள் மங்கிவிடும்.

பாட்டை முழுதாகத் திரும்ப வாசித்து அனுப்பினேன். சனிக்கிழமை பயிற்சிக்குப் போனபோது அக்கா அதை ஸ்பீக்கரில் போட்டார். பல்லவியில் கிற்றார் ஓங்கி வந்தது, பிள்ளைகள் அதற்கும் மேலே பாடினார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கிற்றாரிலிருந்து வயரைக் கழற்றினேன்.