பூனையின் காதில் தொற்று திரும்பத் திரும்ப வந்தால்

நாய்களோடு ஒப்பிட்டால் பூனைகளுக்குக் காதில் தொற்று வருவது குறைவு. அப்படியிருக்க, ஒரு பூனைக்கு அது ஆறுவதும் மீண்டும் வருவதுமாக இருந்தால், வேறேதோ ஒன்று அதைத் தூண்டிக்கொண்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். பாக்டீரியாவும் பூஞ்சையும் பெரும்பாலும் பின்னால் வந்து சேர்பவை; அவை குடியேற இடம் கொடுத்தது எது என்று தேடாமல் சொட்டு மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே போவதால் அந்த வாயில்லா ஜீவனின் அவதிதான் நீள்கிறது.

முதலில் சந்தேகிக்க வேண்டியது காது உண்ணி (ear mite) என்னும் நுண்ணிய ஒட்டுண்ணியை. காதுக்குள் காபித்தூளைப் போன்ற கரிய அழுக்கு சேரும். பூனை ஓயாமல் சொறியும். முட்டையிலிருந்து முதிர்ந்த உண்ணியாக வளர ஏறக்குறைய 3 வாரங்கள் ஆவதால், அரிப்பு அடங்கிவிட்டதென்று பாதியில் மருந்தை நிறுத்தினால் எஞ்சிய முட்டைகள் பொரித்து எல்லாம் மறுபடி தொடங்கும். வீட்டிலுள்ள மற்ற பூனைகளுக்கும் நாய்களுக்கும் எளிதில் தொற்றும் என்பதால், அனைத்துக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை அளிக்க வேண்டும்.

ஆனால் கரிய அழுக்கெல்லாம் உண்ணியால் வருவதல்ல. காதிலிருந்து எடுத்த அழுக்கைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமிட்டு, நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உண்மை தெரியும். எங்கள் பூனையின் மாதிரியை மருத்துவர் எனக்கும் காட்டினார். நடுவில் இடுங்கிய ஊதா நிற ஈஸ்ட் செல்கள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. அதற்குரிய மருந்துக்கு அவை அடங்கின. பிறகு மீண்டும் வந்தன, அதுவும் எப்போதும் இடது காதில் மட்டும். இளம் பூனைக்கு ஒரே காதில் தொல்லை தொடர்ந்தால் உள்ளே பாலிப் இருக்கலாம் என்று சொன்ன மருத்துவர், மயக்க மருந்து கொடுத்து ஆழமாகப் பார்த்தபோது, நடுச்செவியிலிருந்து கிளம்பிய இளஞ்சிவப்புச் சதை வளர்ச்சி ஒன்று காதுக்குழாயை அடைத்திருந்தது. அதைக் காம்போடு அகற்றிய பிறகே காது உலர்ந்தது. காம்பு எஞ்சினால் பாலிப் மீண்டும் வளரக்கூடும் என்பதால் இன்றும் அந்தக் காதை நான் முகர்ந்து பார்ப்பதுண்டு. நாற்றம்தான் முதல் எச்சரிக்கை.

இரண்டு காதிலும் வந்தால் ஒவ்வாமையை நினைக்க வேண்டும். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய, பூனை முன்பு உண்ணாத புரதம் கொண்ட உணவை மட்டும் குறைந்தது 8 வாரங்கள் கொடுத்துப் பார்க்கிறார்கள். இடையில் ஒரு துண்டு தின்பண்டம் கொடுத்தாலும் சோதனை கெட்டுவிடும். வீட்டில் எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும்.

காதுக்குழாய் முதலில் கீழிறங்கிப் பின் உட்புறமாக வளைவதால், பஞ்சுக்குச்சியை விட்டால் அழுக்கு இன்னும் ஆழமாகப் போகும். மருத்துவர் சொன்ன திரவத்தை ஊற்றி, காதின் அடிப்பகுதியைச் சளக் சளக்கென்று ஓசை வரும்படி மெல்லப் பிசைந்து, பூனை தலையை உதறிய பின் வெளியே வந்ததை மட்டும் துடைத்தால் போதும். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையும் உடற்சமநிலையையும் பாதிக்கும் என்பதால், பரிசோதிக்காமல் பழைய மருந்தை எடுத்து ஊற்றக் கூடாது. நாய்களின் தெள்ளுப்பூச்சியை ஒழிக்கப் பயன்படும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி மருந்தும் டீ ட்ரீ எண்ணெயும் பூனைக்கு நஞ்சு. தலை ஒரு பக்கம் சாய்ந்தாலோ நடை தள்ளாடினாலோ நோய் உட்செவியை எட்டியிருக்கலாம். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.