ஆடாதோடையை ஏன் அவித்துப் பிழிய வேண்டும்

சளி இருமலுக்குக் கொடுக்கும் ஆடாதோடை இலையைக் கழுவி மிக்ஸியில் அடித்துச் சாறு எடுக்கப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சாறு வராது. கரும்பச்சையாக ஒரு கனத்த விழுதுதான் வரும். துணியில் கட்டி முறுக்கினால் நாலு சொட்டு விழுவதே பெரிது. உடனே அரை டம்ளர் தண்ணீரை ஊற்றி மறுபடி அடிப்பார்கள். இப்போது டம்ளர் நிறைந்துவிடும். ஆனால் அதில் சாறு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. மருந்தின் அளவு அந்த இடத்திலேயே கைவிட்டுப் போய்விடுகிறது.

பழைய வழி இலையை முதலில் அவிப்பது. முற்றிய, ஆனால் பழுக்காத இலைகளாகப் பறிக்க வேண்டும். நடு நரம்பைக் கிழித்து எடுத்துவிட்டு, இட்லிப் பானையின் தட்டில் துணி விரித்துப் பரப்பி, 10 நிமிடம் ஆவி காட்டினால் போதும். பளிச்சென்ற பச்சை மங்கி, பழுப்பு கலந்த பச்சையாக மாறும். இலை துவண்டு, தொட்டால் வேகவைத்த கீரை மாதிரி இருக்கும். கை பொறுக்கும் சூட்டிலேயே உரலில் நாலு இடி இடித்து, காடாத் துணியில் வைத்து முறுக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல், தேநீர் நிறத்தில் சாறு இறங்கும். ஆவியின் சூட்டில் செல் சவ்வுகள் உடைந்து உள்ளே இருக்கும் நீர் விடுபடுகிறது. இலையின் நொதிகளும் அதே சூட்டில் அடங்கிவிடுகின்றன. இட்லிப் பானை இல்லையென்றால் தோசைக்கல்லில் மெல்லிய தீயில் வாட்டலாம். ஆனால் ஓரம் கருகினால் சாறில் கருகல் வாடை ஏறிவிடும், குழந்தைகள் வாயில் வைக்க மாட்டார்கள்.

ஆடு தொடாத இலை என்பதால் ஆடாதோடை என்று சொல்வது வழக்கம். வேலியோரம் வைத்தால் ஆடுமாடு கடிக்காது. இந்தப் பெயர் அப்படியே தாவரவியலுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. 1753-ல் லின்னேயஸ் இந்தச் செடிக்கு வைத்த பெயர் ஜஸ்டீசியா அடதோடா. ஆடு ஏன் தொடுவதில்லை? கசப்பு. அந்தக் கசப்புக்குக் காரணம் இலையில் இருக்கும் ஆல்கலாய்டுகள், அதாவது செடி தனக்குள் உருவாக்கிக்கொள்ளும் வீரியமான வேதிப்பொருள்கள். பூச்சிவிரட்டிக் கரைசலுக்கு வேம்பு, நொச்சியோடு ஆடாதோடையையும் நம் விவசாயிகள் சேர்ப்பது சும்மா இல்லை. தன்னைத் தின்ன வருவதைத் துரத்தச் செடி செய்துவைத்திருக்கும் பொருளைத்தான் நாம் இருமலுக்குக் குடிக்கிறோம். இதை மனதில் வைத்துக்கொண்டால் அளவில் அலட்சியம் வராது.

அந்த ஆல்கலாய்டுகளில் முதன்மையானது வாசிசின். 1888-ல் இதை இலையிலிருந்து பிரித்துச் சொன்னவர் டேவிட் ஹூப்பர். சென்னை மாகாண அரசின் சின்கோனா (கொய்னா மருந்து தரும் மரம்) வேதியியலாளராக ஊட்டியில் வேலை பார்த்தவர். இரண்டாவது வாசிசினோன். இந்த இரண்டும் குவினசோலின் என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தவை. காய்ந்த இலையில் ஆல்கலாய்டுகள் மொத்தமாக அரை சதவீதத்திலிருந்து இரண்டு சதவீதம் வரை இருக்கும். மண், பருவம், இலையின் வயது எல்லாம் இந்த அளவை மாற்றும். அதனால் "அஞ்சு இலை போடுங்க" என்று சொல்வதைவிட எடை சொல்வதே மேல். உள்ளங்கை நீள இலையும் முழங்கை நீள இலையும் ஒன்றாகாது.

உலர்த்துவதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வாசிசின் காற்றும் வெளிச்சமும் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்து வாசிசினோனாக மாறும். மொட்டை மாடி வெயிலில் இரண்டு நாள் போட்டு எடுத்த இலைக்கும், நிழலில் ஒரு வாரம் உலர்ந்த இலைக்கும் பெயர் ஒன்றுதான், உள்ளிருக்கும் சரக்கு ஒன்றல்ல. நிழலில், காற்றோட்டமான இடத்தில், ஓர் இலையின் மேல் இன்னோர் இலை படாமல் பரப்ப வேண்டும். நடு நரம்பை எடுத்துவிடச் சொல்வதற்கு இங்கேயும் காரணம் உண்டு. தகடு காய்ந்து நொறுங்கும்போதும் நரம்பில் ஈரம் நின்றிருக்கும். டப்பாவில் அடைத்த பத்தாம் நாள் பூஞ்சை பிடிப்பது அங்கிருந்துதான். இலையை மடித்தால் வளையாமல் சடக்கென்று முறிய வேண்டும். அதுதான் பதம். ஒழுங்காக உலர்ந்த இலை பச்சை மாறாமல், லேசாகத் தேயிலை வாசத்தோடு இருக்கும். கடையில் வாங்கும் பொடி பழுப்பாக, வாசமே இல்லாமல், நாக்கில் வைத்தால் கசப்பும் மெதுவாக வந்தால் அதை வாங்காதீர்கள். ஆடாதோடையின் கசப்பு காத்திருக்க வைக்காது.

இனி குடிநீர், அதாவது கஷாயம். காய்ந்த இலை 10 கிராம், தண்ணீர் 400 மில்லி. இலையை ஒன்றிரண்டாக இடித்துப் போட வேண்டும், மாவாக அரைக்கக் கூடாது. மாவாக இருந்தால் வடிகட்டியில் நிற்காது, அடியில் சேறாகப் படிந்து தீயும், குடிக்கும்போது தொண்டையில் ஒட்டி இன்னும் இருமலைக் கிளப்பும். மண் சட்டியோ எவர்சில்வர் பாத்திரமோ போதும். சிறு தீயில் 100 மில்லியாக வற்றும்வரை கொதிக்கவிட்டு வடித்து, காலையில் 50, மாலையில் 50 என்று பெரியவர்கள் குடிக்கலாம். இலையில் ஆல்கலாய்டுகள் உப்புகளாக இருப்பதால் வெந்நீரில் நன்றாகவே இறங்கும். எண்ணெயோ நெய்யோ சேர்த்துக் காய்ச்ச வேண்டிய சரக்கு இது இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இலையில் ஒரு சதவீதம் ஆல்கலாய்டு என்று வைத்துக்கொண்டால் 10 கிராமில் 100 மில்லிகிராம். முழுவதும் இறங்கினாலும் ஒரு வேளைக்கு 50 மில்லிகிராம். இலை இரண்டு சதவீதம் உள்ளதாக அமைந்துவிட்டால் அதுவே 100 ஆகிவிடும். "கசப்பாக இருந்தால்தான் வேலை செய்யும்" என்று இலையை இரட்டிப்பாக்கினால் 200. வாந்தியும் வயிற்றுப்போக்கும் அங்கே ஆரம்பிக்கும். அவித்துப் பிழிந்த சாறு என்றால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 10 முதல் 20 மில்லி. டம்ளர் கணக்கு கிடையாது. குழந்தைகளுக்கு எடையும் வயதும் பார்த்துச் சித்த மருத்துவர் சொல்லும் அளவு மட்டும்தான்.

தேன் கலப்பதென்றால் குடிநீர் வெதுவெதுப்பாக ஆறிய பிறகு கலக்க வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவத்திலும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் வித்துகளைச் சமாளிக்க அந்தக் குடலுக்குச் சக்தி கிடையாது.

வைத்தியர்கள் ஆடாதோடையைத் தனியாகக் கொடுப்பது குறைவு. அதிமதுரம், தாளிசபத்திரி, திப்பிலி என்று கூட்டு சேர்ப்பார்கள். இதில் திப்பிலியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஆடாதோடையோடு திப்பிலி சேர்ந்தால் ஆஸ்துமாவுக்குக் கூடுதலாகக் கேட்கிறது என்று 1920களிலேயே மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். ஜம்முவில் இருந்த வட்டார ஆராய்ச்சி ஆய்வகத்தில் அடல் குழுவினர் இதை அளந்து பார்த்து 1981-ல் வெளியிட்டார்கள். திப்பிலி சேர்த்தபோது விலங்குகளின் ரத்தத்தில் வாசிசின் அளவு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. திப்பிலியிலும் மிளகிலும் இருக்கும் பைப்பரின், குடலிலும் கல்லீரலிலும் மருந்தைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்கிறது. அதனால் சிதையாமல் உள்ளே போகும் பங்கு கூடுகிறது. 10 கிராம் இலைக்கு அரை கிராம் திப்பிலிப்பொடி போதுமானது. வேறு மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பைப்பரினுக்கு வாசிசின் வேறு, உங்கள் வலிப்பு மாத்திரை வேறு என்று தெரியாது. ஃபெனிட்டாயின் போன்ற மருந்துகளின் ரத்த அளவையும் அது ஏற்றும்.

வாசிசினும் வாசிசினோனும் மூச்சுக்குழாயை எப்படிப் பாதிக்கின்றன என்பதில் ஆராய்ச்சிகள் ஒரே குரலில் பேசவில்லை. 1959-ல் அமின், மேத்தா இருவரும் மூச்சுக்குழாயை விரிப்பது வாசிசினோன் என்று எழுதினார்கள். பின்னால் ஜம்முவில் நடந்த ஆய்வுகள் வாசிசினுக்கும் அந்தக் குணத்தைச் சொல்லின. சளியை இளக்கும் பக்கம் பார்த்தால் கதை இன்னும் தெளிவு. வாசிசினின் மூலக்கூறு அமைப்பை முன்மாதிரியாக வைத்துச் செயற்கையாக உருவாக்கப்பட்டதுதான் புரோம்ஹெக்சின். 1960களில் சந்தைக்கு வந்தது. உடலுக்குள் போன புரோம்ஹெக்சின் மாறி வரும் பொருள்தான் ஆம்ப்ராக்சால். மருந்துக்கடையில் வாங்கும் இருமல் டானிக்கின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று இருக்கும். கட்டிய சளியை நீர்க்கச் செய்து வெளியே தள்ளும் வேலை இவற்றுடையது. அதனால் ஆடாதோடைக் குடிநீர் குடித்த முதல் நாள் சளி கூடுதலாக வருவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட வேண்டாம். அதற்காகத்தான் அது. வறட்டு இருமலுக்கு, சளியே இல்லாத தொண்டை அரிப்புக்கு இதைக் குடித்துவிட்டுக் கேட்கவில்லை என்பவர்கள் மருந்தைத் தப்பான இடத்தில் பயன்படுத்துகிறார்கள். அங்கே அதிமதுரத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டாலே இதம் கிடைக்கும்.

கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தொடவே கூடாது. இதைத் தயங்காமல், எல்லா இடத்திலும் சொல்ல வேண்டும். வாசிசின் கருப்பையைச் சுருங்க வைக்கும். பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கை நிறுத்தவும், கருவைக் கலைக்கவும் பயன்படுமா என்று ஜம்மு ஆய்வகத்திலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு அதன் வேகம். "மூலிகைதானே, சளிக்குத்தானே" என்று மூன்றாம் மாதத்தில் இருக்கும் பெண்ணுக்கு ஒரு டம்ளர் ஆடாதோடைக் கஷாயத்தை அன்போடு நீட்டுகிறவர்கள் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள். கடைகளில் விற்கும் மூலிகை இருமல் டானிக்குகள் பலவற்றிலும் வாசா, வசாகா, ஆடாதோடை என்று ஏதோ ஒரு பெயரில் இது இருக்கிறது. மூன்றும் ஒன்றே.

இன்னொன்று, இருமலோடு ரத்தம் வருவதற்கு ஆடாதோடை கொடுப்பது பழைய வழக்கம். நூல்களிலும் இருக்கிறது. ஆனால் இன்று அந்த ரத்தத்தைப் பார்த்ததும் முதலில் செய்ய வேண்டியது காசநோய்க்கான சளிப் பரிசோதனை. இரண்டு வாரம் தாண்டிய எந்த இருமலுக்கும் அதேதான். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்கிறார்கள். ஆடாதோடை இருமலைத் தணித்துவிடும், காசநோய்க் கிருமியைக் கொல்லாது. இருமல் தணிந்த அந்த மாதங்களில் நோய் வீட்டிலுள்ள மற்றவர்களுக்குப் பரவும்.

கடைசியாக மணப்பாகு, அதாவது குடிநீரைச் சர்க்கரை சேர்த்துப் பாகாக்கி வைப்பது. தினமும் காய்ச்ச முடியாதவர்களுக்கு இதுதான் வழி, ஏனென்றால் குடிநீர் மறுநாளைக்கு நிற்காது. முன்னே சொன்ன குடிநீரை அதே கணக்கில் கூடுதலாகக் காய்ச்சி, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். வடித்த நீரை எடை போட்டு, அதற்கு இரண்டு மடங்கு எடையில் பொடித்த கற்கண்டோ சர்க்கரையோ சேர்க்க வேண்டும். 250 கிராம் நீருக்கு 500 கிராம். அப்போது சர்க்கரை மூன்றில் இரண்டு பங்கு ஆகிறது. அந்தச் செறிவில் கிருமிக்கு வேண்டிய நீர் கிடைக்காது, அதனால்தான் பாகு கெடாமல் நிற்கிறது. சிறு தீயில் சர்க்கரை கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். கம்பிப் பதம் வரை விட்டால் ஆறியதும் அடியில் கற்கண்டாக உறைந்துவிடும். மேலே நிற்கும் பாகு அதனாலேயே நீர்த்துக் கெடும். இறக்கும் முன் அரை மூடி எலுமிச்சைச் சாறு விட்டால் உறைவது குறையும், பலகாரம் போடுபவர்கள் செய்வதுபோல. சர்க்கரை நோயாளிகளுக்கு இது ஆகாது, அவர்கள் குடிநீரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வெந்நீரில் கொதிக்கவைத்து, உள்ளே ஒரு பொட்டு ஈரமும் இல்லாமல் காயவைத்த கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றுங்கள். பாகு முழுதும் ஆறிய பிறகே மூட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் வேர்த்து, சொட்டுச் சொட்டாகப் பாகின் மேல் விழும். அந்த மேல் படலத்தில் சர்க்கரைச் செறிவு குறைந்து, பூஞ்சை முதலில் அங்கேதான் முளைக்கும். ஈரக் கரண்டி விட்டாலும் இதே கதைதான். தேதி எழுதி ஒட்டி, குளிர்ச்சியான இருட்டு அலமாரியில் வையுங்கள். மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று காற்று வந்தாலோ, கள் வாடை அடித்தாலோ, மேலே நுரை நின்றாலோ அது புளித்துவிட்டது. மறுபடி கொதிக்கவைத்துக் காப்பாற்றப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.